உட்கார ஓர் இடம்



கோடை விடுமுறை வந்துவிட்டால் எல்லா வீடுகளிலும் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "எங்கேயாவது போகலாமா?" என்று கேட்பவர்கள் குழந்தைகள். "போனால் போயிற்று!" என்று உடனே வாக்குக் கொடுப்பவர் அவர்களுடைய அப்பா. "எத்தனை பேருக்குப் புளிசாதம் கிளற வேண்டும்?" என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். கோடையில் ஊர் அடுப்பாய்க் கொதிக்கும்போது, அந்த மலை மட்டும் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்ட மாதிரி மேகத்துடன் நிற்கும். 'ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று' என்று சொல்வார்கள். முப்பது கிலோமீட்டர் தூரம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். இவ்வளவு பக்கத்தில் ஒரு குளிர்ந்த ஊரை வைத்துக்கொண்டு போகாமல் இருக்க முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

நான் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தேன். இட்லி ஊற்றி, எண்ணெயும் பொடியும் தடவி அடுக்கினேன். புளிசாதம் கிளறினேன். தயிர்சாதத்துக்குப் பால் அதிகமாக விட்டுப் பிசைந்தேன். உருளைக்கிழங்கு வறுத்தேன். மாமனாருக்குப் புளி ஆகாது என்பதால் அவருக்கு மட்டும் எலுமிச்சம்பழச் சாதம். மாற்றுத் துணி, துண்டு, சின்னவளுக்குக் கம்பளிச் சட்டை, மாமியாரின் மாத்திரை, குடிதண்ணீர், ஜமக்காளம். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு நான் தலை வாரிக்கொள்ளும்போது வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டது. "எத்தனை நேரம்! பெண்பிள்ளைகள் கிளம்புவதென்றால் இப்படித்தான்!" என்று ஒரு குரல். யாருடைய குரல் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஏழாவது வளைவில் சின்னவள் வாந்தி எடுத்தாள். பதினோராவது வளைவில் பெரியவன் எடுத்தான். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் மலையைப் பார்க்கவில்லை. மடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏரிக்கரையில் எல்லோரும் படகுக்குப் போனார்கள். மூட்டையை யார் பார்த்துக்கொள்வது? குரங்குகள் வேறு சுற்றிச் சுற்றி வந்தன. நான் மூட்டையோடு இருந்தேன். திரும்பி வந்தவர்களுக்குப் பரிமாறினேன். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் பூங்காவைப் பார்க்கப் போனார்கள். நான் பாத்திரம் கழுவக் குழாய் தேடிப் போனேன். சாயங்காலம் லேடீஸ் சீட்டுக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் சமவெளி முழுவதும் விரித்துப்போட்ட பாய் மாதிரி தெரியும். 'பெண்கள் உட்காரும் இடம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கேயும் நான் உட்காரவில்லை. தூங்கிப்போன சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்து, 'விடுமுறையில் நான் கண்ட இடம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பெரியவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"அம்மா, ஏரியிலே படகெல்லாம் என்ன நிறம்? எனக்கு மறந்துபோச்சு."

யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் தயிர் ஒழுகிய டிபன் காரியர்தான்.

"அப்பாவைக் கேளு கண்ணு" என்றேன்.

"ஏம்மா, நீயும்தானே வந்தே?" என்று கேட்டான் குழந்தை.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் அதைப்பற்றித்தான் உங்களுடன் பேசப் போகிறேன். நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் குடும்பத்தோடு போய்வர என்னென்ன இடங்கள் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே போனால் குடும்பத் தலைவி உட்கார முடியுமா என்பதை யாரும் சொல்வதில்லை. நான் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் என் மாமியார் சொன்ன ஒரு விஷயம். பையனின் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் சிரித்துவிட்டு, "எங்க காலத்திலே பூங்காவுமில்லே, படகுமில்லே. எங்களுக்கு ஆடிப் பதினெட்டுதான்" என்றார்.

அவர் பிறந்த ஊர் காவிரிக் கரையில் இருக்கிறது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், புதுத் தண்ணீர் பெருகி வரும் சமயத்தில், ஆடிப் பெருக்கு வரும். தாலிச் சரட்டைப் புதுப்பித்து, காதோலை கருகமணியும் பூவும் பழமும் ஆற்றுக்குப் படைத்து, முளைப்பாரியைத் தண்ணீரில் விட்டு, பிறகு மணலில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடுவார்கள்.

"அப்போதும் நீங்கள்தானே சமைத்தீர்கள், அத்தை?" என்று கேட்டேன்.

"சமைச்சோம். ஆனா ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு சாதம். எங்க வீட்டிலே தேங்காய்ச் சாதம், எதிர்வீட்டிலே புளி, மேல வீட்டிலே சர்க்கரைப் பொங்கல். ஏழு வீட்டுச் சோறு ஒரே மணல்லே. யாருக்கும் ஒண்ணுக்கு மேலே வேலை இல்லே. சாப்பிட்டு இலையை மாட்டுக்குப் போட்டுட்டா, பொழுது சாயற வரைக்கும் பேச்சுத்தான். வண்டி பூட்ட ஆம்பிளைங்க கூப்பிட்டாக்கூட எழுந்திருக்க மாட்டோம்!"

பார்த்தீர்களா? ஆறுதான் நம் பாட்டிமார்களின் பூங்கா. போகிற நாளைப் பஞ்சாங்கம் குறித்துக் கொடுத்தது. வேலையை அக்கம்பக்கத்துப் பெண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆண்கள் கூடவந்தார்கள். இப்போது வண்டியும் வசதியும் வந்த பிறகு, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் போகிறது. ஏழு வீட்டு வேலையும் ஒருத்தி தலையில் விழுகிறது.

பூங்கா என்கிற ஏற்பாடே ஓய்வில்லாதவர்களுக்காகப் பிறந்தது. இங்கிலாந்தில் ஆலைகளும் கப்பல் துறைகளும் பெருகி, ஜனங்கள் சந்துபொந்துகளில் நெருங்கி வாழ்ந்த சமயத்தில், பர்க்கன்ஹெட் என்ற ஊரில் 1847-ஆம் வருஷம் பொதுப் பணத்தில் ஒரு பெரிய பூங்காவைத் திறந்தார்கள். அதை 1850-இல் பார்த்து வியந்து போன ஆம்ஸ்டெட் என்ற அமெரிக்கர்தான் பிற்பாடு நியூயார்க்கின் பிரசித்தி பெற்ற மத்தியப் பூங்காவை இன்னொருவருடன் சேர்ந்து அமைத்தார். வீட்டில் தோட்டம் இல்லாதவர்களுக்கு ஊர் ஒரு தோட்டம் வைத்துக் கொடுப்பது என்பதுதான் அதன் கருத்து. ஓய்வில்லாதவர்கள் என்று கணக்கெடுத்தால், நம்மைவிட அதற்கு உரிமை உள்ளவர்கள் வேறு யார்?

இனி இடங்களுக்கு வருவோம்.

மிகவும் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய்க் களைத்து வருவதைவிட, வாரத்துக்கு ஒரு சாயங்காலம் பக்கத்துப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. இதற்குச் சோற்று மூட்டை வேண்டாம். ஒரு பொட்டலம் பொரிகடலை போதும். சேலத்துக்காரர்களாக இருந்தால் வழியிலே தட்டுவடை செட் இருக்கவே இருக்கிறது! இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரட்டும் பீட்ரூட்டும் சட்டினியும் வைத்து அவர்கள் கொடுக்கிற அழகுக்கு, வீட்டில் அடுப்பை மூட்டவே தோன்றாது.

சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரி இருக்கிறது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் தங்கும் ஏரி. பாழ்பட்டுக் கிடந்த அதை 2010-ஆம் வருஷத்தில் நகரத்து ஜனங்களே கூடித் தூர் வாரினார்கள். வாரிய மண்ணைக் கரைக்கு வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்று வைத்தார்கள். அவை இப்போது பறவைகள் அடையும் சிறு தீவுகளாகிவிட்டன. சாயங்கால வேளையில் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் உங்களுக்கு அரைமணி ஓய்வு கிடைத்துவிடும்.

நாமக்கல் சகோதரிகளுக்கு ஊர் நடுவிலேயே ஒரு மலை இருக்கிறது. மலை என்றால் ஒரே பாறை; அதன் தலையில் கோட்டை. அடிவாரத்தில் ஒருபக்கம் நரசிம்மர், இன்னொரு பக்கம் ரங்கநாதர், இரண்டும் பாறையைக் குடைந்து செய்த பழைய கோயில்கள். எதிரே பதினெட்டு அடி உயரத்துக்கு ஆஞ்சநேயர், கூரையில்லாமல், வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொண்டு கைகூப்பி நிற்கிறார். பக்கத்தில் கமலாலயக் குளம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறிக் கோட்டைக்குப் போய்விடலாம். ஏற்றம் நீளமில்லை. ஆனால் வெயில் ஏறினால் பாறை சுடும். ஆகையால் விடியற்காலையில் ஏறுங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு ஏறுங்கள். முழங்கால் வலி உள்ள மாமியாரைக் குளக்கரையில் உட்காரவைத்துவிட்டு, குழந்தைகளை அவர்களுடைய அப்பாவோடு மேலே அனுப்பிவிடுங்கள். துணைக்கு உட்காருகிறேன் என்று நீங்களும் அங்கே தங்கிவிடலாம். இல்லாவிட்டால் அவரை மாமியாரோடு உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் ஏறிப் பாருங்கள். கோட்டைச் சுவரோரம் அடிக்கிற காற்றுக்கு ஈடு கிடையாது.

அரை நாள் கிடைத்தால் சேலத்துக்காரர்களுக்குக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில், காட்டை ஒட்டின நிழலான இடம். மான், மயில், பலவிதப் பறவைகள். சின்னக் குழந்தைகளுக்கு மலைப்பாதையின் வாந்தியும் மயக்கமும் இல்லாமல் காட்டின் வாசனை கிடைக்கும். உட்கார நிழலும் உண்டு. வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும் என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

எடப்பாடிப் பக்கத்துச் சகோதரிகள் பூலாம்பட்டியை அறிவார்கள். காவிரியின் குறுக்கே கதவணை கட்டி நீரைத் தேக்கியிருப்பதால், தண்ணீர் கரைகட்டி நிற்கும். இந்தக் கரை சேலம் ஜில்லா. அந்தக் கரை நெருஞ்சிப்பேட்டை, ஈரோடு ஜில்லா. இரண்டுக்கும் நடுவே விசைப்படகு போய்வருகிறது. ஊர்க்காரர்களுக்கு அது தினசரிப் பிரயாணம். நமக்கு அது ஓர் உல்லாசப் பயணம்! படகில் ஏறியதும் மிதவைச் சட்டை உண்டா என்று கேளுங்கள். குழந்தைகளுக்கு முதலில், பிறகு உங்களுக்கு. "நம்ம ஊர் ஆறுதானே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு நாள் முழுக்கக் கிடைத்தால் மேட்டூர். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை. அன்றைய சென்னைக் கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 120 அடிவரை நீர் நிற்கும். டெல்டா விவசாயிகளின் அடுப்பு எரிவது இந்த அணையை நம்பித்தான். நீர் மட்டம் மிகவும் இறங்கிப்போகிற வருஷங்களில், பண்ணவாடிப் பக்கத்தில் பழைய கோயிலின் நந்தியும் மாதா கோயிலின் கோபுரங்களும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். அணை கட்டியபோது ஊரையும் வீட்டையும் விட்டு எழுந்துபோன குடும்பங்களின் கோயில்கள் அவை. குழந்தைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். இன்று நாம் உல்லாசமாகப் பார்க்கிற இந்தத் தண்ணீருக்காக, எத்தனையோ தாய்மார்கள் அன்றைக்குத் தம் வீட்டு அடுப்புக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அணையின் காலடியில் பூங்கா இருக்கிறது. மர நிழலும் புல்தரையும், குழந்தைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கு மரமும் உண்டு. ஜமக்காளத்தை விரித்துக் காலை நீட்டிக்கொள்ளத் தோதான இடம் என்று நான் முதல் மார்க்குக் கொடுப்பது இதற்குத்தான். மீன் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் இன்னும் சௌகரியம். பக்கத்துக் கடைகளில் மசாலா தடவி வறுத்துக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு உங்கள் வீட்டு அடுப்புக்கு லீவு.

நாமக்கல் பக்கத்தவர்களுக்கு ஜேடர்பாளையம். காவிரியின் குறுக்கே பழைய தடுப்பணை. அங்கிருந்து ராஜா வாய்க்கால் பிரிகிறது. வாய்க்காலை வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்று அந்தப் பக்கத்து உழவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். பூங்காவும் உண்டு. தென்னையும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பார்க்கிற இடமெல்லாம் பச்சை. போகிற வழியே ஒரு பூங்காதான்.

கொல்லிமலையைப் பற்றிக் கேட்பீர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை. காரவள்ளி வழியாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஏற்காட்டின் இருபதுக்கே எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். ஆகையால் கைக்குழந்தை உள்ளவர்கள் இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ளலாம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் தெரியும். முழங்காலுக்கு ஆகாதவர்கள் அறப்பளீசுவரர் கோயிலில் உட்கார்ந்துவிடுவது உத்தமம். வரும்போது மலை வாழைப்பழமும் அன்னாசியும் வாங்கி வர மறக்காதீர்கள்.

இடத்தைச் சொல்லிவிட்டேன். இனி, அங்கே நீங்களும் உட்காருவதற்கு நான் கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சோறு. என் மாமியார் சொன்ன ஏழு வீட்டு யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பண்டம். நாமக்கல் முட்டைக்கு நாடெங்கும் பெயர் இருக்கிறது. அவித்து ஓட்டோடு எடுத்துப் போனால் ஒழுகாது, உரிக்கிற வேலையைக் குழந்தைகளே செய்துகொள்வார்கள். மாம்பழக் காலமென்றால் மல்கோவாவும் குண்டு மாம்பழமும் போதும். தயிர்சாதத்தை மட்டும் வெயிலில் நெடுநேரம் வைக்காதீர்கள், புளித்துப்போகும். சாப்பிடுவதற்கு வாழை இலையோ தையல் இலையோ கொண்டுபோங்கள். கழுவ வேண்டாம். ஒருமுறை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் சாமான்களை நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் தடை செய்துவிட்டதால், இலைதான் சட்டத்துக்கும் நல்லது.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. இதைப் புறப்படுவதற்கு முதல் நாளே பேசிவிட வேண்டும். "தண்ணீரும் ஜமக்காளமும் உங்கள் பொறுப்பு. மூட்டைக்குக் காவல் ஆளுக்கு அரைமணி. இலையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது பையன் வேலை." முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லாதீர்கள், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். நாம் வாய் திறக்காததால்தான், நமக்கு ஏரியைப் பார்க்க ஆசையில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயம். வெளியிடத்துக்குப் போகிற நாளில் நம்மில் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் தலைவலியும் நீர்க்கடுப்பும் வருகின்றன. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே இருக்கிறது, சுத்தமாக இருக்கிறதா என்று போய்வந்தவர்களைக் கேளுங்கள். போய் இறங்கியதும் முதலில் அதைப் பார்த்து வையுங்கள். இல்லாத இடமாக இருந்தால், அந்த ஊர் நிர்வாகத்துக்கு நாலு பெண்களாகச் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். ஊஞ்சலைவிட அது முக்கியம்.

நான்காவது, தண்ணீர். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். காவிரி தாய்தான், ஆனால் பெருகி வரும்போது அவளுக்கு யார் குழந்தை என்று தெரியாது. 2024 ஜூலை இறுதியில் மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் பெருக்கெடுத்தது. அந்த ஆடிப் பெருக்கில் காவிரிக் கரையில் பல இடங்களில் இறங்கிக் குளிக்க வேண்டாமென்று தடுத்தார்கள். "வருஷத்தில் ஒருநாள், இதற்குக்கூடவா தடை?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அணையில் நீர் திறந்துவிட்டால் கரையில் நிற்பவருக்குத் தெரிவதற்குள் ஆழம் கூடிவிடும். வற்றிய ஆற்றிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். பாறைமேல் பாசி வழுக்கும். ஆகையால் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தால், "யாராவது பார்ப்பார்கள்" என்று ஐந்து பேருமே பார்க்காமல் விட்டுவிடுவார்கள். இன்ன நேரம் இன்னார் காவல் என்று பெயர் சொல்லி நிறுத்துங்கள். காவலில் இருப்பவர் கையில் டெலிபோன் இருக்கக்கூடாது.

யாராவது தவறிப்போனால், நீச்சல் தெரியாதவர்கள் பின்னாலேயே குதிக்க வேண்டாம். ஒருவர் போகிற இடத்தில் இருவர் போய்விடுகிறார்கள். புடவையையோ கயிற்றையோ வீசுங்கள். காலித் தண்ணீர்க் கேனை இறுக மூடி எறிந்தால் அது மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள், 108-க்குச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பணம். 2021 மே மாதம் முதல் நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை வேலைக்கும் சந்தைக்கும் மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். டவுன் பஸ் போகும் தூரத்தில் ஓர் ஏரியோ பூங்காவோ இருந்தால், பக்கத்து வீட்டுச் சகோதரியையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் போய்வர யாரையும் காசு கேட்க வேண்டியதில்லை. லாரி ஓட்டப் போன கணவர் மாசக்கணக்கில் வடக்கே இருக்கிற குடும்பங்கள் நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஏராளம். அவர் வந்தபிறகு போகலாம் என்று காத்திருந்தால் குழந்தைகள் வளர்ந்துவிடுவார்கள்.

இதெல்லாம் வாய்ப்பேச்சுத்தானா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம்.

மறு வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு குடும்பங்களோடு மறுபடியும் ஏற்காடு போனோம். என் பங்கு இட்லி மட்டும். ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். குழந்தைகளுக்குப் புறப்படுமுன் வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்தியதால், பதினைந்தாவது வளைவு வரைக்கும் ஒன்றும் நேரவில்லை. அதற்குப் பிறகு நேர்ந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கவனித்துக்கொண்டார். அவருக்குப் பழக்கமில்லை, சட்டை போயிற்று. ஆனால் திரும்பி வந்ததும், "நீ எப்படி ஒவ்வொரு தடவையும் சமாளித்தாய்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக ஒரு சட்டை போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

படகுக்கு நேரம் வந்தது. வழக்கம்போல நான் மூட்டை பக்கம் நகர்ந்தேன். கால் பழகிப் போயிருக்கிறதல்லவா?

"நீ போ. நான் பார்த்துக்கறேன்" என்று ஜமக்காளத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் மாமியார். "குரங்கு வந்தா எங்கிட்டே கம்பு இருக்கு."

படகில் ஏறினேன். ஏரி நடுவில் போனபோது கரைச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. தண்ணீரின் குளிர்ச்சி முகத்தில் பட்டது. பெரியவன் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இப்ப பார்த்துக்கோ. அப்புறம் மறந்துடாதே" என்று சிரித்தான்.

சாயங்காலம் லேடீஸ் சீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை சின்னவள் அப்பாவின் தோளில் தூங்கினாள். நானும் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காளும் உட்கார்ந்தோம். கீழே சேலத்தில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கிற்று. அதில் எந்த விளக்கு எங்கள் வீட்டுத் தெரு என்று மூன்று பேரும் தேடினோம். கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால், வீடு எவ்வளவு சின்னதாக இருக்கிறது! அதற்குள் நாம் செய்து தீர்க்கிற வேலை எவ்வளவு பெரியதாக இருக்கிறது!

படகுகளின் நிறத்தை இப்போது என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். ஏற்காடு வேண்டுமென்பதில்லை, உங்கள் ஊர் ஏரிக்கரையாகவே இருக்கட்டும். எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று எழுதுவதற்கு முன்னால், எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று எழுதுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போமா?